சௌதா ஆயாவின் அட்டைப்பெட்டி

சௌதா ஆறாம் வகுப்பில் சேர்ந்தாள். ஆனால் படித்தது ஐந்தாவது வரைதான். சேர்ந்த இரண்டாம் மாதம் அவள் அம்மாவுக்குப் பிள்ளை பிறந்தது. நாற்பது நாள் சோறு பொங்கி, துணி துவைத்து, தம்பியைத் தோளில் போட்டு உறங்கவைத்தாள். நாற்பத்தோராம் நாள் நோட்டுக்கெல்லாம் புதிதாக அட்டை போட்டு எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். அவள் இடத்தில் வேறொரு பிள்ளை உட்கார்ந்திருந்தது. வாத்தியார் திட்டவில்லை. தன்மையாகத்தான் சொன்னார்.

"பாடம் எங்கயோ போயிருச்சும்மா. இப்ப வந்து உக்காந்தா ஒனக்கு ஒண்ணும் வெளங்காது. அடுத்த வருசம் வா."

அந்த அடுத்த வருசம் அவளுக்கு வரவே இல்லை. கல்யாணம் வந்தது. பிள்ளையில்லாமல் பன்னிரண்டு வருசம் போனது. கணவர் மவுத்தாகி அவள் தனியானாள். முப்பத்திரண்டாம் வயதில், 1983இல், ராஜபாளையம் மேலத்தெரு நடுநிலைப்பள்ளியில் சத்துணவு ஆயா வேலை கிடைத்தது. முதல் நாள் பிஸ்மி சொல்லி வலது காலை எடுத்து வைத்தபோது, தான் விட்டுப்போன இடம் இங்கே எங்காவது கிடக்கிறதா என்பதுபோல அவள் கண் ஆறாம் வகுப்பைத்தான் முதலில் தேடியது.

அந்தப் பள்ளியில் மில்லுக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் பாதி, பேண்டேஜ் துணி நெய்கிறவர்களின் பிள்ளைகள் கால்வாசி. மீதிப் பேர் கூலிக்காரர்களின் பிள்ளைகள். தை பிறந்துவிட்டால் கூலிக்காரர்கள் பருத்தி எடுக்க ஆலங்குளத்துப் பக்கம் மானாவாரிக் காட்டுக்குக் குடும்பத்தோடு கிளம்பிவிடுவார்கள். ஐந்து வாரமோ ஆறு வாரமோ கழித்து, கையெல்லாம் பருத்தி ஓடு கீறிய வடுவோடு பிள்ளைகள் திரும்பி வரும். வந்து கடைசி வரிசையில் உட்காரும். கொஞ்ச நாள் உட்கார்ந்து பார்க்கும். பிறகு வராது.

சௌதா பருப்புச் சட்டியைத் துலக்கிக்கொண்டே இதை மூன்று வருசம் பார்த்தாள்.

நாலாம் வருசம் ஒரு நாள் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தவளை, சமையல்காரி வெள்ளைத்தாய், "ஏட்டி சௌதா, உலை பொங்குது, ஓடி வா" என்று கூப்பிட்டாள். ஓதிய மணியை விரலால் இறுக்கிப் பிடித்தபடியே போய் உலையை இறக்கி வைத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்து, விட்ட மணியிலிருந்தே ஓதினாள். அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. நாம் எழுந்து போனால் மணி போய்விடுவதில்லையே. விரல் பிடித்த இடத்திலேயே நிற்கிறதே. பாடத்துக்கு மட்டும் ஏன் பிடித்து வைக்க ஒரு விரல் இல்லை?

அன்றைக்குச் சாயங்காலம் மில் கழிவு நூலில் ஒரு முழம் அறுத்து, பருத்திக் காட்டுக்குப் போய்வந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் கையில் கொடுத்தாள். ஒரு கணக்கு விளங்கியதும் ஒரு முடிச்சு. ஒரு பாட்டு வாசித்ததும் ஒரு முடிச்சு. வகுப்பு எங்கே போனாலும் போகட்டும், உன் முடிச்சுக்கு அடுத்தது எதுவோ அதுதான் உன் பாடம் என்றாள். ஒரு மாதத்தில் அந்தப் பிள்ளை வகுப்பை எட்டிப் பிடித்துவிட்டது.

இதை முதலில் கண்டுகொண்டவர் வேல்சாமி வாத்தியார். செட்டியார்பட்டிக்காரர், ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண்ணெடுத்து அங்கேயே குடியிருந்தார். தினமும் பஸ்ஸில் வந்துபோவார். சௌதாவுக்கு ஏழெட்டு வயது இளையவர். கையெழுத்து அச்சில் வார்த்ததுபோல இருக்கும்.

"அக்கா, இதை ஒங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல சார். தஸ்பீஹ் மணிதான்."

அவர் சிரிக்கவில்லை. அந்த நூலை வாங்கிக் கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "நூல் சரி. அதுக்குத் தக்கன பாடம் வேணும்லக்கா. புத்தகத்துல இருக்கதெல்லாம் ஒண்ணு போனா ஒண்ணு புரியாத மாதிரில்ல இருக்கு?" என்றார்.

அப்படித் தொடங்கியது. பள்ளிவிட்ட பிறகு ஒரு மணி நேரம், எட்டு வருசம்.

மில்லில் நூல் சுற்றிய கோன் வருகிற அட்டைப்பெட்டிகளைக் கேட்டு வாங்கி உள்ளங்கை அகலத்துக்கு வெட்டுவார்கள். என்ன பாடம், எதை வைத்து என்று சௌதா சொல்வாள். அதில் எது முன், எது பின் என்று வேல்சாமி அடுக்குவார். அவர் எழுத, அவள் படம் போடுவாள். அவளுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. பிள்ளை தன் தெருவில் தொட முடியாத, யாரிடமும் போய்க் கேட்க முடியாத ஒன்றும் அட்டையில் இருக்கக்கூடாது.

"ஆப்பிள் வேண்டாம் சார். எந்தப் பிள்ளை அதைத் தின்னுருக்கு? மாங்கொட்டை போடுங்க."

மணி பார்க்கக் கற்பது மில் சங்கை வைத்து. அப்பா எந்த ஷிப்டு, எத்தனை மணிக்குப் போவார், தூங்க எத்தனை மணி நேரம் கிடைக்கிறது. ஐந்தாவதுக்குப் பூக்கட்டும் முழக் கணக்கு. ஆறாவதுக்கு பேண்டேஜ் துணியின் அகலமும் நீளமும் பரப்பளவும். ஏழாவது, எட்டாவதுக்கு ஓர் அட்டை: 'மேற்கு மலையில் மழை பெய்தால் எந்தக் கண்மாய் முதலில் நிறையும்? அடுத்தது எது? ஏன்? போய்ப் பார்த்து, விவசாயி ஒருவரிடம் கேட்டு, படம் வரை.' அந்த ஒரே அட்டையில் பிள்ளைகள் பத்து நாள் கிடந்தார்கள்.

ஒவ்வோர் அட்டையிலும் எழுதத் தொடங்கும் முன் சௌதா வலது மூலையில், 'இறைவன் பெயரால்' என்கிற பிஸ்மிக்கு அடையாளமாக, 786 என்று போடுவாள். முதல் நாள் வேல்சாமி கேட்டார்.

"இது இல்லாம எனக்குக் கை ஓடாது சார்" என்றாள், கூசிக்கொண்டே.

"அதுக்கென்னக்கா? நானும் பிள்ளையார் சுழி போடாம எழுதுனது கிடையாது" என்று இடது மூலையில் ஓர் 'உ' போட்டார். கடைசிவரை அட்டைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஒரே ஓர் அட்டையில் மட்டும் மூலையில் இடமில்லை. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸை அட்டை முழுக்கப் பெரிதாக வரைந்துவிட்டாள். அதனால் 786ஐ பஸ்ஸின் நம்பர் பலகையில் எழுதினாள்.

"அக்கா, கீழ ஒங்க பேரையும் எழுதுங்க" என்பார் வேல்சாமி.

"மேல எவன் பேரு இருக்கோ அது போதும் சார். அதுக்கடியில என் பேரு எதுக்கு?"

வெள்ளைத்தாய்க்கு இதெல்லாம் வேடிக்கை. "வாத்தியாரு ஆயா வேலை பாக்காரு, ஆயா வாத்தியாரு வேலை பாக்கா. நான் மட்டும்தான் இங்க சோறு பொங்குதேன்" என்பாள். ஆனாலும் அட்டை ஒட்டப் பசை காய்ச்சிக் கொடுப்பது அவள்தான்.

சமையலறைக்குப் பக்கத்துச் சுவரில் வேல்சாமி வரிசையாக ஆணி அடித்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் ஆணி, ஒரு நூல். பருத்திக்குப் போகிற பிள்ளை நூலை ஆணியில் விட்டுப் போகும். திரும்பி வந்ததும் காட்டிலிருந்து கொண்டுவந்த பஞ்சில் ஒரு பொட்டு பிய்த்து, புதிய முடிச்சோடு சேர்த்துக் கட்டும். அந்தப் பொட்டுக்கு மேலே இருப்பது போவதற்கு முன் படித்தது, கீழே இருப்பது வந்தபின் படித்தது. யாரும் யாரிடமும் கேட்கவேண்டாம்.

ஒரு சாயங்காலம், தன் நாற்பத்தோராம் நாள் கதையை சௌதா அவரிடம் சொன்னாள். அதுவரை யாரிடமும் அவள் அதைச் சொன்னதில்லை. வேல்சாமி கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். கண் கலங்கியிருந்தது.

"அக்கா, நான் இருக்க வரைக்கும் ஒரு பிள்ளை எடமும் போவாது. என் பிள்ளைக மேல சத்தியம்."

"ஐயோ, பிள்ளைக மேல எல்லாம் சத்தியம் பண்ணாதீக சார். சொன்னீகள்ல, அது போதும்."

அன்றிலிருந்து சாயங்கால அஸர் தொழுகை முடித்துக் கையேந்தும்போது, அம்மா, அத்தா, கணவர் பெயர்களுக்குப் பிறகு வேல்சாமி வாத்தியாரின் பெயரையும் சேர்த்தாள். அவருக்கு நல்ல ஆயுசைக் கொடு ரஹ்மானே என்று.

1994 ஆவணியில் வேல்சாமி ஒரு செய்தியோடு வந்தார். புதுப் பாடங்கள் எழுதுவதற்கு ஒரு குழு ஸ்ரீவில்லிபுத்தூரில் கூடுகிறது. அட்டைகளைப் பற்றிக் கேள்விப்பட்டு அவரை வரச் சொல்லியிருக்கிறார்கள். "எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் போவும்க்கா நம்ம அட்டை! பெட்டியைக் குடுங்க. பத்தே நாளு, திருப்பிக் கொண்டாந்திருதேன்."

நானூற்றுச் சொச்சம் அட்டைகள். வேறு படி எதுவும் கிடையாது. சௌதா பெட்டியைத் துணியால் துடைத்து, இரு கையாலும் எடுத்துக் கொடுத்தாள். "அமானிதம் சார்" என்றாள். ஒருவரை நம்பி ஒப்படைக்கிற பொருளுக்கு அவர்கள் வீட்டில் அதுதான் பெயர். அமானிதத்துக்கு எழுத்தும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம்.

அவர் படியிறங்கும்போது ஓடிப்போய் நிறுத்தினாள். "சார், நூல் இல்லாம இது வெறும் அட்டைதான். அங்க உள்ளவுகளுக்கு வெளங்கணும்ல?" என்று சுவரிலிருந்து பத்து நூல்களைப் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள். அதில் ஒன்று ஐந்தாம் வகுப்புப் பேச்சித்தாயுடையது. மூன்று பஞ்சுப் பொட்டு, நாற்பத்தாறு முடிச்சு. மூன்று வருசமும் பருத்திக்குப் போய் மூன்று வருசமும் திரும்பி வந்த பிள்ளை. "இதைக் காமிங்க. இது ஒண்ணு போதும்."

பத்து நாள் ஒரு மாதமாகி, ஒரு மாதம் அரையாண்டுத் தேர்வைத் தாண்டியது. வேல்சாமியைக் குழுவிலேயே வைத்துக்கொண்டார்கள். பிறகு பயிற்சியாளராகவே ஆக்கிவிட்டார்கள். ஒரு தடவை கடைவீதியில் பார்த்தபோது, "அச்சுல இருக்குக்கா, அச்சுல இருக்கு" என்று சைக்கிளை நிறுத்தாமலே சொல்லிப் போனார். அட்டை இல்லாமல் ஆணிகளில் நூல்கள் அப்படியே தொங்கின. பிள்ளைகள் கொஞ்ச நாள் கேட்டார்கள். பிறகு கேட்கவில்லை.

அடுத்த ஜூனில் புத்தகக் கட்டு வந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பிரித்துப் பார்த்துவிட்டுச் சமையலறைக்கு ஓடி வந்தார்கள்.

"ஆயாம்மா, ஒங்க பஸ்சு! ஒங்க பஸ்சு வந்திருக்கு!"

பார்த்தாள். அவள் பஸ்தான். மற்ற படங்களிலெல்லாம் மூலைகளைச் சுத்தமாக வெட்டியிருந்தார்கள். 'உ'வும் இல்லை, 786உம் இல்லை. பஸ்ஸின் பலகையில் இருந்ததை மட்டும் நிஜ நம்பர் என்று விட்டுவைத்திருந்தார்கள். முதல் பக்கத்தில் 'பாட ஆக்கம்' என்று ஐந்தாறு பெயர்கள். மூன்றாவது பெயர் வேல்சாமி.

வெள்ளைத்தாய் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள். "எங்கட்டி ஒம் பேரு? எட்டு வருசம் பசை காய்ச்சினேனே, எம் பேராவது இருக்கா?"

"நாந்தான எழுத வேண்டாம்னேன். அவரு என்ன செய்வாரு?" என்றாள் சௌதா. உண்மையாகவே அவளுக்கு அதில் வருத்தமில்லை. அவள் வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தாள். கடைசிப் பக்கம் வரை புரட்டினாள். நூலைப் பற்றி ஒரு வரி இல்லை. ஒவ்வொரு பக்கத்து உச்சியிலும் வாரம் 1, வாரம் 2, வாரம் 3 என்று போட்டிருந்தது. வாரக் கடைசியில் ஒரு தேர்வு. மாங்கொட்டையும் மில் சங்கும் இருந்தன. ஆனால் வகுப்போடு சேர்ந்து ஓடினால்தான் உண்டு.

அச்சுக்காரர்கள் விட்டுவிட்டார்கள்போல, வேல்சாமி சார் சொல்லியிருப்பார், கேட்டிருக்கமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள். தொழுதபின் கேட்கும் துஆவில் அவர் பெயரை விடவில்லை.

1996 தையில் பேச்சித்தாய் குடும்பம் கிளம்பியது. இப்போது அவள் ஆறாவது. கிளம்பும் அன்று சுவரருகே வந்து நின்றாள். அவள் ஆணி வெறுமையாக இருந்தது.

"என் நூலு இன்னும் வரலையா ஆயாம்மா?"

"வந்திரும்மா. சார்ட்ட பத்திரமா இருக்கு. நீ போயிட்டு வா, ஒன் எடம் எங்கயும் போவாது."

மாசிக் கடைசியில் திரும்பி வந்தாள். கையில் ஒரு பொட்டுப் பஞ்சு வைத்திருந்தாள். ஆறாம் வகுப்பு ஆசிரியை ஒரு தாளைப் பார்த்துவிட்டு, "நீ பின்தங்கியோர் பட்டியல்ல இருக்க. அஞ்சாவதுல போய் உக்காரு" என்றார். அவர் மேல் தப்பில்லை. தாளில் அப்படித்தான் இருந்தது. பேச்சித்தாய் ஐந்தாவதில் போய், தன் தம்பி வயதுப் பிள்ளைகளோடு இரண்டு நாள் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் தறி செட்டில், நெசவு நூலைக் குச்சியில் ஏற்றும் தார் சுற்றுகிற வேலைக்குப் போய்விட்டாள்.

அந்தச் சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி. சௌதா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். வழியெல்லாம் ஒரே நினைப்பு. சாரிடம் சொன்னால் போதும். பேச்சித்தாய் என்று சொன்னாலே துடித்துப்போய்விடுவார்.

பயிற்சி நடந்த மண்டபத்து வாசலில் நின்றவளை ஒருவர் ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்மா, இப்பத்தான் வாரியா? டீ ஆறுது பாரு, மேடைக்குக் கொண்டு போ" என்று தட்டைக் கையில் வைத்துவிட்டார். சௌதா மறுக்கவில்லை. உள்ளே போவதற்கு அதுவும் ஒரு வழிதானே.

வேல்சாமி பேசிக்கொண்டிருந்தார். "குழந்தைதான் மையம். பாடத்துக்காகக் குழந்தை இல்லை, குழந்தைக்காகத்தான் பாடம். இதை எனக்கு என் பிள்ளைகளே கற்றுக்கொடுத்தார்கள்" என்றார். கைதட்டினார்கள். நன்றாகத்தான் பேசினார். சௌதாவுக்கே கேட்க நன்றாக இருந்தது.

தட்டோடு சுவரோரமாக நடந்தவள், அங்கே தொங்கிய பெரிய தாளைக் கண்டு நின்றாள். 'தொடர்ந்து பதினைந்து நாள்களுக்கு மேல் வராத மாணவர் பின்தங்கியோர் பட்டியலில் சேர்க்கப்பட்டு, முந்தைய வகுப்பில் அமர்த்தப்படுவர்.' அச்சில்லை. கையால் எழுதியது. 'ழ'வின் வாலை இழுத்துச் சுழித்திருக்கும் விதம், புள்ளிக்குப் பதில் போடுகிற சின்ன வட்டம். நானூறு அட்டைகளில் பார்த்த எழுத்து. இடது மூலையில் ஓர் 'உ'.

வேல்சாமி அவளைக் கண்டு மேடையிலிருந்து இறங்கி வந்தார். "அக்கா! நீங்க எப்படி இங்க? தட்டைக் கீழ வைங்க, நீங்க போயி..."

"இதை நீங்களா எழுதுனீக?"

அவர் சுவரைப் பார்த்தார். "மேல இருந்து கேட்டாகக்கா. நூலை எப்படி அச்சடிக்க, அளவுன்னு ஒண்ணு வேண்டாமான்னாக. நான் எழுதாட்டி வேற ஒருத்தன் எழுதிக் குடுத்திருப்பான்."

"வேற ஒருத்தர் எழுதியிருந்தா நான் வந்திருக்கவே மாட்டேன் சார்."

அவர் மேடையைத் திரும்பிப் பார்த்தார்.

"நூலைப் பத்தி அவுகள்ட்ட சொன்னீகளா?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன்." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "மொத நாளே சிரிச்சிருவாகளோன்னு பட்டுச்சு. ஆயா கட்டுன முடிச்சுன்னு எப்படிச் சொல்ல? பொறவு சொல்ல நேரமே அமையல."

ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. கேட்டு மறுத்தார்கள் என்றுதான் இத்தனை நாள் அவள் நினைத்திருந்தாள்.

"பேச்சித்தாய் தார் சுத்தப் போயிட்டா" என்றாள். அவருக்கு யார் என்று ஒரு கணம் பிடிபடவில்லை. அந்த ஒரு கணத்தை அவள் பார்த்துவிட்டாள்.

"பெட்டி?"

"படத்தையெல்லாம் வெட்டி ஒட்டித்தான் அச்சுக்கு அனுப்புனோம். மிச்சம் இல்லக்கா."

மேடையோரம் பயிற்சித் தாள்கள் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தன. ஒரு கட்டை நூலால் கட்டியிருந்தார்கள். நாலைந்து நூல்களை ஒன்றாகச் சேர்த்து முறுக்கிய கட்டு. முடிச்சு முடிச்சாக இருந்தது. ஓரத்தில் அழுக்கேறிய ஒரு பஞ்சுப் பொட்டு.

சௌதா தேநீர்த் தட்டைக் கீழே வைத்தாள். தரையில் உட்கார்ந்து, நகத்தால் அந்தக் கட்டை மெள்ள அவிழ்த்தாள். யாரோ, "ஏம்மா, தாள் பறக்கும்மா" என்றார். அவள் நிமிரவில்லை. ஒவ்வொரு நூலாகப் பிரித்து, மூன்று பொட்டு உள்ளதை மட்டும் தனியே எடுத்தாள். பிறகு தன் முந்தானை ஓரத்தைக் கிழித்து, அந்தத் தாள்களை மறுபடியும் கட்டி வைத்துவிட்டு எழுந்தாள்.

"அக்கா, எம் மேல கோவமா?" என்றார் வேல்சாமி.

"பத்து நாளுன்னு வாங்கிட்டுப் போனீக சார்" என்றாள். நூலை முந்தானையில் முடிந்துகொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

திங்கட்கிழமை தறி செட்டுக்குப் போனாள். தறிச் சத்தத்தில் பேச்சித்தாய் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசி. நூலை வாங்கி முடிச்சுகளை விரலால் எண்ணினாள். நாற்பத்தாறும் சரியாக இருந்தன.

"நாப்பத்தேழாவது என்ன பாடம் ஆயாம்மா?"

சௌதாவுக்குத் தெரியும். பேண்டேஜ் துணியின் பரப்பளவு. அந்த அட்டைதான் இல்லை. வாயால் சொன்னாள். பேச்சித்தாய் கேட்டுவிட்டு, உள்ளே தறியில் ஓடும் துணியைத் திரும்பிப் பார்த்தாள். "இதைத்தான் தினமும் பாக்கேனே" என்றாள். உள்ளேயிருந்து, "ஏட்டி, தாரு தீந்துபோச்சு!" என்று சத்தம் வந்தது. நூலை சௌதா கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு ஓடினாள்.

சௌதா அதைக் கொண்டுவந்து அவள் ஆணியிலேயே மாட்டினாள்.

"வாராளா?" என்றாள் வெள்ளைத்தாய்.

"இல்ல."

"அவரு?"

சௌதா அரிசி களைந்தாள்.

அன்றைக்கு அஸர் தொழுகை முடித்துக் கையேந்தினாள். அம்மா, அத்தா, கணவர். அடுத்த பெயர் நாக்கில் ஏறவில்லை. சபிக்கவும் அவளால் முடியவில்லை; அப்படி அவள் பழகவில்லை. ஒரு மூச்சு நேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்தாள். பிறகு அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டு, பேச்சித்தாய் பெயரைச் சொன்னாள். மறுநாளும் அந்தப் பெயரின் இடம் வந்ததும் ஒரு மூச்சு நின்றாள். அதற்கடுத்த நாளும் அப்படித்தான்.